சைட்டுக்குப் போக முடியாத இன்ஜினியர்

ஆட்டோமேஷன் இன்ஜினியர் வேலைக்கு வரும் விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பி.எல்.சி. தெரிய வேண்டும், ஸ்காடா தெரிய வேண்டும், டிரைவ் தெரிய வேண்டும் என்று பட்டியல் நீளும். கடைசி வரி மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "வெளியூர்ப் பயணத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்."

இந்த ஒரு வரிதான், விபத்தில் அடிபட்டு எழுந்து வருகிற இன்ஜினியரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அவருக்கு மூளை அப்படியே இருக்கிறது. எட்டு வருஷ அனுபவம் அப்படியே இருக்கிறது. புரோகிராம் எழுதும் கையும் பல சமயம் அப்படியே இருக்கிறது. ஆனால் இரும்பு ஏணியில் ஏறி சென்சாரைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் "உங்களுக்கு ஏற்ற வேலை இப்போது எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே இல்லையா? இருக்கிறது. அதை வேறு வேலைகளோடு சேர்த்துக் கட்டி ஒரே மூட்டையாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்தால் வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய பங்கு கணிசமாகத் தேறும். அதைப் பிரிக்கச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இது என்ன வேலை?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒரு பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்வேயர் ஓடுகிறது, பாட்டில் வந்து நிற்கிறது, வால்வு திறக்கிறது, அளவு வந்ததும் மூடுகிறது, பாட்டில் நகர்கிறது. எது எப்போது நடக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குப் பெயர் பி.எல்.சி.

1968ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, அறை அறையாக நிறைந்திருந்த ரிலேக்களுக்குப் பதிலாக ஏதாவது மின்னணுக் கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய குழுவும் உருவாக்கிய மோடிகான் 084 அதற்கான விடையாக வந்தது. ரிலே சர்க்யூட் வரைந்து பழகிய எலெக்ட்ரீஷியனுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அதன் புரோகிராமை ஏணி போன்ற படமாகவே வைத்தார்கள். அதுதான் லேடர் லாஜிக். 1993ல் ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரம் வந்து, லேடரோடு மற்ற நிரல் மொழிகளையும் ஒழுங்குபடுத்தியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புரோகிராம் எழுதுவது மெஷின் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு ப்ராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்:

1. வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று எழுதி வாங்குவது
2. மெஷின் எப்படி இயங்க வேண்டும் என்று வரிவரியாக ஆவணம் தயாரிப்பது
3. எத்தனை சென்சார், எத்தனை மோட்டார் என்று ஐ.ஓ. பட்டியல் போடுவது
4. எலெக்ட்ரிக்கல் டிராயிங் வரைவது
5. பேனல் கட்டுவது
6. பி.எல்.சி. புரோகிராமும், ஆபரேட்டர் பார்க்கும் திரையும் எழுதுவது
7. சிமுலேஷனில் ஓட்டிப் பார்ப்பது
8. வாடிக்கையாளர் முன்னால் கம்பெனியிலேயே சோதித்துக் காட்டுவது
9. சைட்டில் பொருத்தி, ஒவ்வொரு ஒயராகச் சரிபார்த்து, மெஷினை ஓட வைப்பது
10. வாடிக்கையாளர் இடத்தில் இறுதிச் சோதனை
11. அதன்பிறகு வரும் பிரச்சினைகளைத் தீர்ப்பது, மாற்றங்கள் செய்வது

இதில் 5, 9, 10 மூன்றுக்கும் உடம்பு அங்கே இருந்தாக வேண்டும். 8ம் 11ம் பாதிப் பாதி. மற்ற ஆறும் மேஜை வேலை. ஆனால் நம் ஊர் சிறு, நடுத்தரக் கம்பெனிகளில் ஒரே ஆள்தான் ஒன்றிலிருந்து பதினொன்று வரை இழுக்கிறார். அந்த ஆளுக்கு ஒன்பதாவது வேலை முடியாமல் போனால் மற்றவையும் முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு பல் போனதற்காக வாயையே தைத்துவிடுகிற மாதிரி!

காயம் என்றால் எல்லாம் ஒன்றல்ல

"மாற்றுத்திறனாளி" என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுவது வசதி. வேலை என்று வரும்போது அந்த வசதி உதவாது.

பவர் பிரஸ்ஸில் விரல்களை இழந்தவருக்கு நடையில் பிரச்சினை இல்லை, டைப் அடிப்பதில்தான் பிரச்சினை. அவர் சைட்டுக்குக்கூடப் போகலாம், ஒயரிங்கை இன்னொருவர் செய்தால் போதும். தலையில் அடிபட்டவருக்கு உடம்பு நன்றாக இருக்கலாம், ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கவனம் நிற்காது. தண்டுவடத்தில் அடிபட்டவருக்குப் புத்தியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரே நிலையில் உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும். அடிக்கடி உடம்பின் எடையை மாற்றி உட்கார வேண்டும். அடிபட்டது மார்புக்கு மேற்பட்ட பகுதியில் என்றால் உடம்பின் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனும் குறையும். மே மாதத்தில் ஒரு ஃபவுண்டரிக்குள் அவரை உட்கார வைப்பது ஆபத்து. அதே ஆளை அவர் வீட்டில், அவருக்கேற்ற நாற்காலியில், பழகின கழிப்பறை பக்கத்தில் இருக்க, உட்கார வைத்தால் முழு வேலை நடக்கும்.

பல பேர் வாயால் சொல்லத் தயங்கும் விஷயம் அந்தக் கழிப்பறைதான். சைட்டில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நிறைய இடங்களில் நடக்கிறவர்களுக்கே ஒழுங்கான கழிப்பறை கிடையாது. ஆக, வீட்டிலிருந்து வேலை என்பது இவர்களுக்குச் சொகுசு அல்ல. வேலை பார்க்க முடியுமா முடியாதா என்பதே அதில்தான் இருக்கிறது.

தச்சரா, குமாஸ்தாவா?

2010ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவாக்கியது. சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்கு அது. உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பதும், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்பதும் ஒன்றல்ல என்றது நீதிமன்றம். இடது கை போனவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும். அதே இடது கையை இழந்தவர் அரசு அலுவலகக் குமாஸ்தா என்றால் வேலை தொடரலாம். காயம் ஒன்று, இழப்பு வேறு.

இந்த அளவுகோலை ஆட்டோமேஷன் இன்ஜினியருக்கு வைத்துப் பாருங்கள். சைட்டில் இருக்கும்போது அவர் தச்சர், மேஜையில் இருக்கும்போது அவர் குமாஸ்தா. அப்படியானால் அவருடைய இழப்பு எவ்வளவு? டாக்டர் சர்டிபிகேட்டைப் பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவருடைய கம்பெனி அவருக்கு எந்த வேலையைக் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பெனி வேலையைப் பிரித்துக் கொடுத்தால் இழப்பு சிறியது. கைவிட்டால் இழப்பு மிகப் பெரியது. ஊனத்தின் ஒரு பகுதியை விபத்து உண்டாக்குகிறது, மீதியை எச்.ஆர். உண்டாக்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

நஷ்டஈடு வருமே, அதை வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பணியின்போது ஏற்படும் விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்க 1923லேயே சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020க்குள் போய்விட்டது. பழைய சட்டத்தின் கணக்கு இப்படி: முழு நிரந்தர ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது 15,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. 45,000 வாங்குகிறவருக்கும் கணக்கு 15,000க்குத்தான். ஆக 9,000 பெருக்கல் 207.98, மொத்தம் 18,71,820 ரூபாய்.

உண்மையான சம்பளமான 45,000க்கே கணக்குப் போட்டிருந்தால் 56 லட்சத்தைத் தாண்டியிருக்கும். கிடைக்கும் பதினெட்டே முக்கால் லட்சம், அவருடைய மூன்றரை வருஷச் சம்பளம்கூட முழுசாக இல்லை. அதுவும் முழு ஊனம் என்றால்தான். பகுதி ஊனம் என்றால் அதிலும் ஒரு சதவீதம்தான். முப்பது வயசில் அடிபட்டவருக்கு இன்னும் முப்பது வருஷம் வாழ்க்கை இருக்கிறது, வேலை இல்லாமல் இந்தக் கணக்கு எங்கேயும் போய்ச் சேராது.

அரசு வேலைக்கு ஒரு நியாயம், தனியாருக்கு ஒரு நியாயம்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20ஆம் பிரிவைப் படித்தால் மனசுக்கு இதமாக இருக்கும். பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, பதவியையும் குறைக்கக்கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லை என்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போன்ற பாதுகாப்பு இருந்தது.

ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். மின்வாரியத்தில் கம்பத்திலிருந்து விழுந்தவருக்கு இந்தக் குடை உண்டு. தனியார் இன்டக்ரேட்டர் கம்பெனியில் மெஸ்ஸனைன் தளத்திலிருந்து விழுந்தவருக்கு இந்தக் குடை இல்லை. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொள்கை என்பது சுவரில் மாட்டும் காகிதமா, நடைமுறையா என்பது அந்தந்த முதலாளியின் மனசைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ஆட்டோமேஷன் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்கே இருக்கிறார்கள்? கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமுள்ள தனியார் கம்பெனிகளில்தான். ஆகவே யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. கணக்குப் போட்டுப் புரியவைப்பதுதான் இப்போதைக்கு வழி.

கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கணக்கைப் பார்ப்போம்

ஒரு சின்னக் கம்பெனியில் நான்கு இன்ஜினியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலை நாள். ஒவ்வொருவரும் 10 நாள் சைட்டில், 15 நாள் மேஜையில். மொத்தம் 40 சைட் நாள், 60 மேஜை நாள்.

இப்போது ஒருவருக்கு அடிபட்டு, அவர் சைட்டுக்கே போக முடியாது என்றாகிறது. அவர் 25 நாளும் மேஜை வேலை பார்க்கிறார். மீதி 35 மேஜை நாளையும் 40 சைட் நாளையும் மற்ற மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். தலைக்கு ஏறத்தாழ பன்னிரண்டு மேஜை நாள், பதின்மூன்று சைட் நாள். மொத்த வேலை ஒரு நாள்கூடக் குறையவில்லை. மாறியது பங்கீடு மட்டும்தான்.

மற்ற மூவருக்கும் மாதம் மூன்று நாளுக்கு மேல் கூடுதல் சைட் என்பது உண்மையான சுமை. அதை மறைக்கக்கூடாது. "அவர் மட்டும் வீட்டில் ஏ.சி.யில், நாங்கள் வெயிலில்" என்ற முணுமுணுப்பு வராமல் இருக்காது. அதற்கு மருந்து சைட் படி. வீட்டில் இருப்பவருக்குச் சைட் படி கிடையாது, அந்தப் பணம் வெளியே போகிறவருக்கு. அதேபோல் ராத்திரி பதினொரு மணிக்கு சைட்டில் மாட்டிக்கொண்டவர் போன் போட்டால் எடுத்து புரோகிராமைப் பார்க்கும் பொறுப்பு வீட்டில் இருப்பவருக்கு. கொடுக்கல் வாங்கல் தெளிவாக இருந்தால் மனக்கசப்பு குறையும்.

இன்னொரு பக்கம், அவரை அனுப்பிவிட்டால் கம்பெனி எதை இழக்கிறது? ஐந்து வருஷம் முன்பு எந்த வாடிக்கையாளருக்கு எந்தப் புரோகிராமில் என்ன தந்திரம் செய்து வைத்தோம் என்பது அவர் தலையில்தான் இருக்கிறது. அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாக வராது. அதனால்தான் அது போகும்போதும் யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் கூப்பிடும்போதுதான் தெரியும் :-)

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் விஷயங்கள் எல்லாம் சப்பைக்கட்டு இல்லை. சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

*ஒன்று: "தூரத்திலிருந்து மெஷினை ஓட்டினால் ஆள் செத்துப்போவான்."*

நூற்றுக்கு நூறு உண்மை. கன்வேயருக்குள் ஒருவர் கையை விட்டிருக்கிறாரா என்று தெரியாமல் நாமக்கல்லில் உட்கார்ந்து ஸ்டார்ட் கொடுப்பது குற்றம். பராமரிப்பின்போது மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. ஆனால் இது வேலையைப் பிரிக்கக்கூடாது என்பதற்கான காரணம் இல்லை. எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் விதி. அசைவு தரும் உத்தரவு எதுவும் தூரத்திலிருந்து போகக்கூடாது. மெஷின் பக்கத்தில் நிற்பவர்தான் ஸ்டார்ட் கொடுப்பார். அவசர நிறுத்தத்தைச் சோதிப்பதும் அவரே. தூரத்தில் இருப்பவர் லாஜிக்கைப் படிப்பார், திருத்தம் எழுதுவார், சிமுலேஷனில் ஓட்டுவார், அங்கே இருப்பவர் சரி என்ற பிறகு ஏற்றுவார். கை ஒருவருடையது, கண் இன்னொருவருடையது.

*இரண்டு: "வெளியிலிருந்து இணைப்பு கொடுத்தால் ஹேக்கர் புகுந்துவிடுவான்."*

இதுவும் பயப்பட வேண்டிய விஷயம்தான். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் சில நாட்கள் நின்று போனது, யாரும் பயன்படுத்தாமல் விட்டுவைத்த ஒரு வி.பி.என். கணக்கு வழியாகத் திருடர்கள் உள்ளே வந்ததால். அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. ஆனால் 2010ல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட்டை நினைத்துப் பாருங்கள். ஈரானின் அணு நிலையத்தில் இருந்த பி.எல்.சி.களை அது குறிவைத்தது. பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது அது, வெளி இணைப்பே தேவைப்படவில்லை. லேப்டாப்பும் பென் டிரைவுமாக நேரில் வரும் இன்ஜினியரும் ஆபத்தைக் கொண்டுவரலாம். எனவே கேள்வி தூரமா பக்கமா என்பதல்ல, ஒழுங்கு இருக்கிறதா என்பதே. தேவைப்படும்போது மட்டும் திறக்கும் இணைப்பு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு, யார் எப்போது என்ன மாற்றினார் என்ற பதிவு. இவை எல்லாம் நேரில் வருபவருக்கும் தேவையானவைதான்.

*மூன்று: "வாடிக்கையாளர் ஆள் முகத்தைப் பார்க்கணும்னு எதிர்பார்ப்பார்."*

2020 ஊரடங்கில் இதே வாடிக்கையாளர்கள்தான் வீடியோ அழைப்பில் சோதனையைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். பல நாடுகளில் ஓடும் ஆலைகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்து வடிவமைக்கும் பொறியியல் மையங்கள் வருஷக் கணக்காக நடக்கின்றன. அங்கே புரோகிராம் எழுதும் எத்தனையோ பேர் அந்த ஆலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தடையாக இல்லை என்றால், கணபதியிலிருக்கும் வீட்டுக்கும் பீளமேட்டிலிருக்கும் ஆபீஸுக்கும் நடுவிலுள்ள தூரம் மட்டும் எப்படித் தடையாகும்?

*நான்கு: "சைட்டுக்குப் போகாதவனுக்குத் தொழில் மறந்துவிடும்."*

இருப்பதிலேயே பலமான வாதம் இதுதான். ஃபோட்டோ சென்சார் மேல் தூசி படிந்தால் என்ன ஆகும், எர்த்திங் சரியில்லை என்றால் சிக்னல் எப்படித் துள்ளும் என்பதெல்லாம் சிமுலேஷனில் வராது. காலேஜ் முடித்து நேராக வீட்டிலிருந்து ஆட்டோமேஷன் வேலை தேடுகிற புதியவருக்கு இது பெரிய குறை. ஆனால் அடிபட்ட இன்ஜினியர் அப்படியில்லையே! தூசியையும் எர்த்திங்கையும் பல வருஷம் அனுபவித்துவிட்டுத்தான் மேஜைக்கு வருகிறார். சைட்டில் இருப்பவர் "மோட்டார் விட்டு விட்டு நிக்குதுங்கண்ணா" என்று சொன்னால், போனிலேயே "அந்த டெர்மினலைக் கொஞ்சம் முறுக்கிப் பாருப்பா" என்று சொல்ல அவரால்தான் முடியும். இந்தத் தொழிலில் வீட்டிலிருந்து வேலை பார்க்க மிகவும் தகுதியானவர் யார் என்று கேட்டால், சைட்டில் வருஷக் கணக்காக உழைத்துவிட்டு இனி போக முடியாதவர்தான்.

வேலூரில் நடந்தது

இது புதுசாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். அறுவை சிகிச்சை மருத்துவர் என்றால் நிற்க வேண்டும் என்பது ஊர் அறிந்த விதி. ஆனால் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அதைச் சக்கர நாற்காலியிலிருந்து செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, அந்தத் துறையையே வேலூரில் வளர்த்தார். 1972ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கதையை எல்லாரும் தன்னம்பிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். அவருடைய மன உறுதி பெரியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் இன்னொரு பாதி இருக்கிறது. அறுவை சிகிச்சை என்ற பெரிய மூட்டையை யாரோ பிரித்துப் பார்த்து, இதில் உட்கார்ந்து செய்யக்கூடியது எது என்று கேட்டார்கள். அந்த நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. மன உறுதி மட்டும் இருந்து, அறுவை அரங்கின் கதவு திறக்காமல் இருந்திருந்தால்?

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது 1975ல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஆயிரக்கணக்கானவர்களுக்கு உதவும் நிறுவனத்தைக் கட்டினார். ஆனால் அடிபட்ட ஒவ்வொருவரும் ஒரு ராமகிருஷ்ணனாக, ஒரு மேரி வர்கீஸாக ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாதாரண ஆளாக இருந்து, சாதாரணமாக வேலை பார்த்து, மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு.

தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

வேலைவாய்ப்புத் தளத்தில் 'ரிமோட்' என்று தட்டித் தேடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் தட்ட வேண்டிய கதவு பழைய கம்பெனி. அங்கேதான் உங்கள் மதிப்பு தெரியும். "எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இன்ன ப்ராஜெக்டின் திரைகளை நான் முடித்துத் தருகிறேன், மூன்று வாரம், பிறகு முடிவு பண்ணுங்கள்" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது கதவு பழைய வாடிக்கையாளர்கள், போட்டிக் கம்பெனிகள், வெளிநாட்டுக்கு மெஷின் அனுப்பும் உற்பத்தியாளர்கள். மெஷின் கப்பலில் போன பிறகு ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் ஆளை விமானத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாது. தூரத்திலிருந்து ஆதரவு தரும் ஆள் அவர்களுக்கு எப்போதும் தேவை.

எந்தத் திறமை கை கொடுக்கும்? ஆபரேட்டர் திரை வடிவமைப்பு, தேவையில்லாமல் அடிக்கும் அலாரங்களைக் குறைத்து ஒழுங்குபடுத்துவது, எலெக்ட்ரிக்கல் டிராயிங், உற்பத்தி அறிக்கைகள், பழைய பி.எல்.சி. புரோகிராமைப் புதிய மாடலுக்கு மாற்றுவது, சிமுலேஷன். பயிற்சிக்குப் பெரிய செலவு இல்லை. கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கி, அதிலேயே சிமுலேஷனும் ஓட்டலாம். ஒரு சின்ன மெஷினை முழுசாகச் செய்து, அது திரையில் ஓடுவதை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்க பயோடேட்டாவை விட அது பேசும்.

காயத்தைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாக, நேராகச் சொல்லிவிடுவது நல்லது. தினமும் எத்தனை மணி நேரம் உட்கார முடியும், எப்போது இடைவேளை தேவை, எது முடியாது. மறைத்துவிட்டு வேலையில் சேர்ந்தால் முதல் அவசரத்திலேயே வெளியே வந்துவிடும்.

'கன்சல்டன்ட்' என்று போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் கையெழுத்துக்கு முன் கணக்குப் போடுங்கள். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, குழு மருத்துவக் காப்பீடு இல்லை. ஏற்கனவே அடிபட்டவருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. அதே சம்பள எண்ணைக் கன்சல்டன்ட் கட்டணமாக ஏற்றுக்கொண்டால் அது சம்பளக் குறைப்புதான்.

வேலை தருகிறேன், முன்பணம் கட்டு என்று யார் சொன்னாலும் அங்கே வேலை இல்லை. வீட்டோடு இருப்பவர்களைக் குறிவைத்தே இந்த மோசடிகள் நடக்கின்றன.

கையெழுத்துப் போடப்போகிறவர்களுக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே வரை படித்தவர்கள் கேட்கலாம். பி.எல்.சி.யை இன்ஜினியர் எழுதுவார். ஆனால் "இந்தப் பணியிடத்துக்குப் பயணம் கட்டாயம்" என்ற வரியை எழுதுவது எச்.ஆர். "ஒரே ஆள் எல்லாம் பார்க்கட்டும், செலவு மிச்சம்" என்று பட்ஜெட் போடுவது ஃபைனான்ஸ். அந்த நாற்காலிகளில் இன்னும் ஐந்தாறு வருஷத்தில் உட்காரப்போவது இன்று பி.காம். வகுப்பில் இருப்பவர்கள்.

அப்போது மேஜைக்கு ஒரு கோப்பு வரும். அடிபட்டவரின் டாக்டர் சர்டிபிகேட் அதில் இருக்கும், அறுபது சதவீதம், எழுபது சதவீதம் என்று ஓர் எண்ணோடு. அந்த எண்ணைப் பார்த்தவுடன் கணக்கை முடித்துவிடாமல், அவர் செய்துகொண்டிருந்த பதினொரு வேலைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் முடியும், முடியாது, பாதி முடியும் என்று குறியுங்கள். அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகும் இடமில்லை என்றால் இல்லை என்று சொல்லலாம். எழுதிப் பார்க்காமலே சொல்லக்கூடாது.